டபுள் டாஸ்க் போட்ட முதுகு

1. கம்பளியில் வந்தவர்

திங்கட்கிழமை காலை நான் ஆஸ்பத்திரிக் கதவைத் திறப்பதற்குள் சுடலைமுத்துவை நான்கு பேர் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். முந்தாநாள் சனிக்கிழமை இதே மனிதர் தன் காலால் நடந்து வந்து, என்னிடம் முதுகுப் பயிற்சி கற்றுக்கொண்டு, நடந்தே திரும்பிப் போனவர். என் வைத்தியத்தில் இரண்டே நாளில் ஆள் கம்பளிக்கு வந்துவிட்டார் என்றால் என் திறமையைப் பற்றி நான் வேறு சொல்ல வேண்டுமா?

அது எழுபதுகளின் நடுப்பகுதி. வடகரப்பதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த நான், பிசியோதெரபி படித்து முடித்து, சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கென்று கொடுத்த அறையில் ஒரு மரக்கட்டில், ஒரு பாய், முதுகுக்குச் சூடு காட்ட ஒரு விளக்கு. ஊசியும் போடாமல் மருந்தும் கொடுக்காமல் படு, தூக்கு, இறக்கு என்று சொல்கிற பெண்ணை டாக்டர் என்று கூப்பிட யாருக்கும் மனம் வரவில்லை. தேகப்பயிற்சி சொல்லித் தருகிறவள் என்று ‘கசரத்து டீச்சர்’ எனப் பேர் வைத்துவிட்டார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு நானே அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

சுடலைமுத்து கவாத்து வெட்டுகிறவர். வயசான தேயிலைச் செடியை மறுபடி துளிர்க்க விடுவதற்காகக் கிளைகளைக் கத்தியால் வெட்டித் தள்ளும் வேலை அது. நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். இருபது வருடம் குனிந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. மாதம் ஒருமுறை வந்து போகும் பெரிய டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு, இரண்டு மாதம் தவணை தருவதாகவும் அதற்குள் தேறாவிட்டால் ‘அன்ஃபிட்’ என்று எழுதப்போவதாகவும் சொல்லியிருந்தார். எழுதினால் வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மனைவி பேச்சியம்மாளுக்கு எஸ்டேட்டில் வேலை கிடையாது. திரும்பிப் போகத் திருநெல்வேலிப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு கூரையும் மிச்சமில்லை.

2. ஒரு வாரத்துக் கணக்கு

“ஏனுங்ணா, என்ன பண்ணிப்போட்டீங்க? தண்ணிக்கொடம் ஏதாச்சும் தூக்குனீங்களா?”

“ஒண்ணும் தூக்கல டீச்சர். நீங்க சொன்னதத்தான் செஞ்சேன்.”

“காலைல பத்து, சாயங்காலம் பத்துன்னுதானுங்க சொன்னேன்?”

“ஆமா, ஒரு நாளைக்கு இருவது. ஏழு நாளைக்கு நூத்திநாப்பது. நேத்து ஞாயித்துக்கெழம சும்மாதான இருக்கோம்னு காலையிலயே மொத்தத்தையும் முடிச்சிட்டேன். ஒடம்பு தாங்குச்சி. சரின்னு அடுத்த வாரத்துலயும் பாதியப் போட்டு வச்சேன்.”

பக்கத்தில் நின்ற பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “நான் வேண்டாம்னு சொன்னேன் தாயி. டபுள் டாஸ்க் போட்டா சீக்கிரம் தேறிரும்னாக.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கவாத்து வேலையில் ஆளுக்கு இத்தனை செடி என்று டாஸ்க் கொடுப்பார்கள். மத்தியானத்துக்குள் முடித்தால் மத்தியானமே வீட்டுக்குப் போகலாம். இரண்டு ஆள் டாஸ்க்கை ஒருவர் வெட்டினால் இரண்டு நாள் வேலையாக எழுதுவார்கள். நான் ‘பத்து’ என்று வாய் திறந்த உடனே என் பயிற்சி அவருக்கு டாஸ்க் ஆகிவிட்டது. அவரைப் பிடித்துக் கத்து கத்தென்று கத்தினேன். நான் மூச்சு வாங்கும் நேரத்தில், கம்பளி தூக்கி வந்தவர்களில் ஒருவர் பணிவாகக் கேட்டார்: “டீச்சர், அவுகதான் ஒண்ணரை வாரத்த முடிச்சிட்டாகள்ல, அதக் கழிச்சிக்கிடலாமா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுடலைமுத்துவும் சிரிக்கப் பார்த்து, முதுகு இழுத்து, “அய்யோ” என்றார்.

நாலு நாள் சூடு காட்டிப் படுக்க வைத்தேன். பிறகு பயிற்சியை முதலிலிருந்து தொடங்கினேன். இந்தத் தடவை எண்ணிக்கையே சொல்லவில்லை. பேச்சியம்மாள் அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதிக்கும்வரை மெதுவாக இடுப்பைத் தூக்கி இறக்க வேண்டும். கொதித்ததும் நிறுத்திவிட வேண்டும். கெட்டிக்கார ஏற்பாடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துப் பேச்சியம்மாள் வந்து நின்றாள்.

“தண்ணி கொதிக்கவே மாட்டேங்குது டீச்சர். என்னன்னு பாத்தா, ஈர வெறகாப் பாத்துப் பொறுக்கிட்டு வந்து போடுதாக.”

அன்று முதல் விறகு எடுக்கும் பொறுப்பும் அவளுக்கே போனது. நானும் மலைச்சரிவுக்குப் போய்க் கவாத்து வெட்டுவதைப் பார்த்தேன். செடியை ஒட்டி நிற்கவும், ஒரு காலை மேட்டில் வைக்கவும், முழங்காலை மடக்கவும், நாலு செடிக்கு ஒருமுறை நிமிரவும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

3. வரிசையின் நடுவில்

தவணை முடிந்து பெரிய டாக்டர் வந்தார். கட்டிலில் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். குனியச் சொன்னார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“கட்டிலில் எல்லாரும் நல்லாத்தான் இருக்கும். வேலை செய்யட்டே, ஞான் நோக்கட்டே,” என்று பாதி மலையாளத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். கத்தியோடு சுடலைமுத்துவும், பின்னால் நானும் சூப்பர்வைசரும் சரிவுக்குப் போனோம்.

சுடலைமுத்து வெட்ட ஆரம்பித்தார். கால் சரியாக இருந்தது, முழங்கால் சரியாக இருந்தது. பாதி வரிசை வந்ததும் நெற்றியில் வேர்வை. கத்தியைத் தாழ்த்தினார்.

“என்னய்யா நிறுத்திட்டீரு? டாக்டர் நிக்காரு, வரிசைய முடிச்சிரும்,” என்றார் சூப்பர்வைசர்.

இன்னும் பத்துச் செடிதான். முடித்துவிட்டால் யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது. “வெட்டுங்ணா” என்று என் தொண்டைவரை வந்துவிட்டது.

சுடலைமுத்து நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, முதுகைப் பின்னுக்கு வளைத்தார். “இன்னிக்கி இவ்வளவுதான் முடியும். மிச்சத்த நாளைக்கி வெட்டுதேன்.”

வேலை போயிற்று என்றே நினைத்தேன். டாக்டர் வெட்டிய செடிகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“சரி. நாளைக்கும் வெட்டட்டே,” என்று சொல்லிக் காகிதத்தை என் தோளில் வைத்தே ‘ஃபிட்’ என்று எழுதினார். கொஞ்ச நாளைக்கு அரை டாஸ்க் போதும் என்றும் கீழே சேர்த்தார்.

லயத்து வீட்டுக்கு நானே ஓடிப்போய்ச் சொன்னேன். பேச்சியம்மாள் பாத்திரங்களையெல்லாம் பழைய சேலையில் மூட்டையாகக் கட்டிச் சுவரோரம் வைத்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு டம்ளரை எடுத்துத் துடைத்து, “இருங்க டீச்சர், தேத்தண்ணி போடுதேன்,” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன் பிறகு எலப்புள்ளிப் பக்கத்து உழவர்களுக்கும் மில் தொழிலாளிகளுக்கும் முதுகு பார்த்திருக்கிறேன். வலி எங்கே என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் வேலையை எப்படி அளப்பார்கள் என்று கேட்டுவிடுவேன். பயிற்சி சொல்லிக்கொடுப்பது பெரிய காரியமில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று நோயாளிக்கே தெரிகிற அன்றுதான் நம் வேலை முடிகிறது. அன்று அந்தச் சரிவில் சுடலைமுத்துவுக்கு அது என்னைவிட முந்தியே தெரிந்திருந்தது.