இருபதாவது மணி நேரம்

ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மார்சலினா ஆன்ட்டி கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வருகிறார். வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தால் நீங்கள் எங்கள் ஹிலோ ஊருக்குப் புதுசு. வாடிக்கையாளர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, காசு கொடுத்து ஒரு காபி வாங்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொள்கிறார். அந்த வாரத்து வேலை முடிந்தது. இனி மேற்பார்வை.

"வென்டல், கோழியத் திருப்புடா. கருகுற வாசம் வரல?"

"ஆன்ட்டி, உங்க வேலை முடிஞ்சாச்சு. வீட்டுக்குப் போங்க."

"நான் எங்கடா வேலை செய்யறேன்? காபி குடிக்கிறேன்."

வென்டல் ஹிகா இந்தக் கோழிக் கடைக்கு முதலாளி. ஐம்பது வயதானாலும், அவன் அப்பா காலத்திலிருந்தே இங்கே கோழி பொரிக்கும் ஆன்ட்டிக்கு அவன் இன்னும் 'டா'தான்.

எங்கள் தீவுகளில் ஒரு சட்டம் உண்டு. தொடர்ந்து நாலு வாரம், வாரத்துக்கு இருபது மணி நேரம் ஒருவர் வேலை செய்துவிட்டால், முதலாளி அவருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். நல்ல சட்டம்தான். அது வந்த புண்ணியத்தில் ஊரில் பல பேர் பத்தொன்பது மணி நேரக்காரர்கள். ஆன்ட்டிக்கு இங்கே பத்தொன்பது, ஹோட்டல் சலவைக்கூடத்தில் பத்தொன்பது. காப்பீடு எங்கேயும் இல்லை. "ரெண்டு வீட்டு விருந்தாளி பட்டினி கிடந்த கதைதான் என் கதை" என்று சொல்லிச் சிரிப்பார்.

வென்டல் கல்நெஞ்சன் அல்ல. "ஒரு ஆளுக்குக் கட்டுற காசுல புது எண்ணெய்ச் சட்டி வாங்கிடலாம்" என்று பக்கத்திலிருக்கும் என் டயர் கடைக்கு வந்து புலம்புவான். கூட்டம் இருக்கும் மாதங்களில் மூன்று வாரம் இருபதுக்கு மேலேயும் தாராளமாக விடுவான். நாலாவது வாரம் கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டான்.

ஆன்ட்டிக்கு முழங்கால் போய்விட்டது. கடைப் படி மூன்றுதான். அதற்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறுகிறார். "சட்டம் இருக்கு, டாக்டர் இருக்காரு, முட்டியும் இருக்கு. நடுவுல ஒரு மணி நேரந்தான் இல்ல."

ஆனாலும் ஏப்ரனைக் கழற்றிய பிறகு ஒரு கரண்டியைத் தொடமாட்டார். "கை பட்டா அது வேலை. பாவம், அவன் கணக்கு கெட்டுடும்." அதனால் எல்லாம் உதட்டால்தான். ஆன்ட்டியைப் போன்ற இலோகானோக்காரர்கள் விரல் நீட்டமாட்டார்கள். உதட்டைக் குவித்தே திசை காட்டுவார்கள். உப்புப் பக்கம் குவிந்தால் உப்பு. புருவமும் உயர்ந்தால் இன்னும் கொஞ்சம்.

போன மே மாதம், பள்ளிப் பட்டமளிப்பு சீசன். ஊரெல்லாம் விருந்து, தட்டுத் தட்டாகக் கோழி வேண்டும். மூன்று வாரம் தாராளமாகப் போயிற்று. நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை மதியம், பத்தொன்பது முடிந்ததும் ஏப்ரன் ஆணிக்குப் போனது. ஆன்ட்டி நாற்காலிக்கு வந்தார். அன்றைக்குப் பார்த்து, கடையில் கூட நிற்கும் வென்டலின் மச்சினன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். வரிசை என் கடை வாசல்வரை நின்றது. தனி ஆளாக வென்டல் மக்கரோனியைச் சோற்றில் கொட்டினான். சோற்றைத் தரையில் கொட்டினான். ஆன்ட்டியின் உதடு இடம், வலம், மேலே, கீழே என்று குவிந்து குவிந்து அலுத்துப்போயிற்று. எண்ணெயிலிருந்து புகை கிளம்பியது.

எனக்குப் பொறுக்கவில்லை. "டேய் வென்டல், கோழி வெந்த மாதிரிதான்! கடையையே பொரிச்சிடுவ போலிருக்கே!"

வரிசை மொத்தமும் சிரித்தது. வென்டல் அடுப்பை அணைத்தான். ஆணியிலிருந்து ஏப்ரனை எடுத்துவந்து, இரு கையாலும் ஆன்ட்டியின் முன் நீட்டினான்.

"ஆன்ட்டி, ஒரு பத்து நிமிஷம்."

ஆன்ட்டி ஒரு வாய் காபி குடித்துவிட்டுக் கைகளை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி ஆன்ட்டி. மூடுற வரைக்கும்."

மூட இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. அதன் அர்த்தம் அவனுக்கும் தெரியும், வரிசைக்கும் தெரியும். சிரிப்பு நின்றுவிட்டது.

ஆன்ட்டி ஏப்ரனைத் தொடவில்லை. உதட்டை மெல்லக் குவித்து, சுவரில் இருந்த, வேலை நேரம் பதியும் பஞ்ச் மெஷினைக் காட்டினார்.

வென்டல் மாவுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனான். அவர் அட்டையை உருவி, உள்ளே விட்டு அழுத்தினான். 'டக்' என்ற சத்தம் வாசல்வரை கேட்டது.

அதற்கப்புறம்தான் ஆன்ட்டியின் கைகள் மடியைவிட்டு எழுந்தன.