கொக்கி இல்லாத பாடி

விபத்து நடந்து மூன்று நாள்கூட ஆகவில்லை, பட்டாசுக் கம்பெனி காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. பொன்மணி போட்டிருந்த பாடியின் கொக்கிதான் காரணமாம். கொக்கி உரசிப் பொறி பறந்ததாம், பொறி மருந்தில் விழுந்ததாம், பஞ்சம்மாளும் அய்யம்மாளும் அதனால்தான் செத்தார்களாம். நான்கு பேர் உட்கார வேண்டிய அறையில் சீசன் ஆர்டருக்காக ஒன்பது பேரை உட்கார வைத்தவர்கள் இவர்கள். அந்தக் கூட்டம் கண்ணில் படவில்லை, ஒரு பொம்பளையின் முதுகில் இல்லாத கொக்கி மட்டும் பட்டுவிட்டது.

இது 2007 ஆவணியில் நடந்தது. அந்தப் பாடியைத் தைத்தவர் விருதுநகரில் எங்கள் தெருவில் இருக்கும் கமருன்னிசா அக்கா. அவரைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், கோபம் முந்திக்கொண்டுவிட்டது.

அக்காவின் வீட்டு முன்னறைதான் கடை. வெளியே தொங்கும் போர்டில் 'லேடீஸ் டைலர்' என்று எழுதி ஒரு ஜாக்கெட் படம் போட்டிருக்கும். உள்ளே பாதி வேலை பாடிதான். அதைத் தைத்து முடித்ததும் பேப்பரில் சுற்றி, ஜாக்கெட்டுக்கு அடியில் வைத்துக் கொடுப்பார். வாங்க வருகிற பெண்களும் 'அது ரெடியா' என்றுதான் கேட்பார்கள். அவர் வீட்டுக்காரர் அசன் முகம்மது பாய்க்கு மிளகாய் வத்தல் மண்டி. வத்தலைக் கை நிறைய அள்ளி ஊரறியக் காட்டி வியாபாரம் பண்ணுகிற மனுஷன், சொந்தப் பெண்டாட்டி செய்கிற வேலைக்குப் பெயர் சொல்லமாட்டார். கேட்டால் 'ஏதோ தையல்' என்பார்.

பொன்மணி அங்கே வந்தது 2004இல். ஆமத்தூர்க்காரி, தினமும் காலையில் வேன் ஏறிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள். நானும் அன்றைக்கு ஜாக்கெட் அளவு கொடுக்கப் போயிருந்தேன். அளவு எடுத்து முடித்த பிறகும் அவள் போகாமல் நின்றாள். அக்கா கதவைச் சாத்தினார். அப்புறம்தான் சேலையை விலக்கிக் காட்டினாள். மார்புக்குக் கீழேயும் அக்குளுக்குப் பக்கத்திலும் கோடு போட்டதுபோலப் புண்.

"தையல் ஓடுற எடத்துலயெல்லாம் மருந்து ஒக்காந்துக்கிருதுக்கா. வேர்வையோட சேந்து அறுக்கு" என்றாள்.

கடையில் வாங்கும் பாடியில் மார்புக்கு நடுவே குறுக்காக ஒரு தையல், கீழே ஒன்று, பக்கத்தில் ஒன்று. அந்த மடிப்புகளில் சில்வர் மருந்து என்கிற அலுமினியப் பொடி போய் அடைந்துகொள்ளும். பற்றாததற்குக் கொக்கி. வெடிமருந்து இருக்கும் இடத்தில் இரும்பு கூடாது, நைலான் கூடாது. அது நியாயமான சட்டம், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக என்ன போடுவது என்று சொல்ல ஒரு நாதியும் இல்லை. கேட்டில் சோதனை போடுகிற பெண் முதுகைத் தடவிப் பார்ப்பாள். கொக்கி தட்டுப்பட்டால் அறுத்து எறிந்துவிட்டு உள்ளே விடுவாள். இவர்கள் இரண்டு நுனியையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்ப்பார்கள். முடிச்சு முதுகெலும்பில் ஏறும். ஒன்றும் போடாமல் போகலாமென்றால் போர்மேன் ஊர்க்காவலனின் கண் எங்கே மேயும் என்று அந்தக் கம்பெனியில் தெரியாதவர்கள் இல்லை.

கமருன்னிசா அக்கா அடுத்த வாரம் திருப்பூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு புதுமாதிரிப் பாடியை வாங்கி வைத்திருந்தார். தையலே இல்லாமல் அச்சில் அழுத்தி எடுத்தது. கிண்ணம் மாதிரி நின்றது. எனக்குப் பார்க்க ஆசையாக இருந்தது. அக்கா கத்தரியால் அதை இரண்டாக வெட்டினார். உள்ளே பஞ்சு மாதிரி ஏதோ இருந்தது. ஒரு துண்டை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி கிழித்துக் காட்டினார். அது எரியவில்லை, உருகிச் சொட்டியது. சொட்டியது தரையில் ஒட்டிக்கொண்டு சுரண்டினாலும் வரவில்லை.

"தரையிலயே இப்படி ஒட்டுதே, தோல்ல பட்டா?" என்றார்.

பருத்தியில்தான் செய்ய வேண்டும், ஆனால் அந்தமாதிரி தையல் இல்லாமல் இருக்க வேண்டும். அதற்கு அவர் ஐந்து மாதம் பட்ட பாட்டை நான் பார்த்தேன். பனியன் துணியை வெந்நீரில் நனைத்து, சொம்பைக் கவிழ்த்து அதன் அடியில் இழுத்துக் கட்டிக் காயவைத்தார். காய்ந்ததும் வளைவு அழகாக வந்தது. ஒருமுறை துவைத்ததும் தொளதொளவென்று போய்விட்டது. கஞ்சி போட்டார், புண்ணில் குத்தும் என்று அதையும் விட்டார். அசன் பாய் சாப்பிட உட்கார்ந்து தண்ணீர்ச் சொம்பைத் தேடினால், அது பாடி மாட்டிக்கொண்டு மாடியில் காயும். அந்த வீட்டில் அதற்காக நடந்த சண்டைகளைத் தனியாக எழுதலாம்.

விஷயம் பிடிபட்டது ஒரு கிழிந்த பனியனில்தான். பனியன் துணி அகலவாக்கில் இழுபடும், நீளவாக்கில் அவ்வளவு இழுபடாது. தைக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அக்கா அதையே வேலை வாங்கினார். முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டு, மார்பின் மேல் ஒரு தையல்கூடக் கிடையாது. தாங்க வேண்டிய இடங்களில், அதாவது மார்புக்கு அடியிலும் அக்குள் பக்கத்திலும், உள்ளே இன்னொரு துண்டைத் திசை மாற்றிக் குறுக்காக வைத்தார். ஒன்று இழுபடப் பார்த்தால் மற்றது விடாது. ஓரத் தையல்களையெல்லாம் வெளிப்பக்கமாகத் திருப்பினார், தோலில் படாது. வார் இரண்டு விரல் அகலம். துவைத்தால் கவிழ்த்த சொம்பின் மேல் காயப்போட வேண்டும், அப்போதுதான் வளைவு நிற்கும்.

முதலில் தைத்ததில் பின்னால் பித்தளைக் கொக்கி வைத்தார். பித்தளை பொறி விடாது என்பது அவர் எண்ணம். கேட்டில் அதையும் விடவில்லை. அதன்பிறகுதான் கொக்கியே இல்லாமல் தலைவழியாக மாட்டுகிற மாதிரியை உண்டாக்கினார். பொன்மணிக்கு இரண்டாவதாகத் தைத்தது அது. பித்தளைக் கொக்கி வைத்ததை அவள் லீவு நாளுக்கு வைத்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் புண் ஆறியது. பஞ்சம்மாள் வந்தாள், அய்யம்மாள் வந்தாள், வேனே வந்தது. ஆமத்தூரில் சேலைக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்த சாமான், சொம்பு மேல் உட்கார்ந்து பட்டப்பகலில் வெயில் காய்ந்தது. ஆம்பளைகள் கேலி பேசினார்கள். பேசட்டும், அவர்களுக்கா புண் வந்தது?

மூன்று வருஷம் கழித்து அந்த அறை வெடித்தது. இருவர் அங்கேயே போனார்கள். பொன்மணி கையிலும் முதுகிலும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஊர்க்காவலன் ஆமத்தூருக்கே வந்து கொக்கிக் கதையைச் சொல்லிவிட்டுப் போனான். கேட்டதும் பஞ்சம்மாளின் தாய் முருகம்மாள், பொன்மணி வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அந்தம்மாளைச் சொல்லிக் குற்றமில்லை. பெற்ற வயிற்றுக்கு யாரையாவது ஏசத்தான் தோன்றும். யாரை ஏச வேண்டும் என்று கைகாட்டிவிட்டானே, அவனைத்தான் சொல்ல வேண்டும்.

கமருன்னிசா அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அன்றைக்கு எதைப் போட்டுப் போனாள் என்பதுதான் அவரை அரித்தது. கொக்கி வைத்ததைப் போட்டுப் போயிருந்தால், கேட்டிலும் கவனிக்காமல் விட்டிருந்தால்? தைத்த கை தன் கை. பொன்மணியிடம் கேட்டோம். அவளுக்கு நினைவு நிலையாக இல்லை. "கையில ஆப்பிட்டதப் போட்டேன்க்கா" என்று அழுதாள். ஒருவேளை உண்மையிலேயே தான்தான் கொன்றுவிட்டோமோ என்று அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள்.

ஐந்தாம் நாள் அக்காவும் நானும் ஆமத்தூர் போனோம். வீட்டில் பொன்மணியின் புருஷன் முத்துப்பாண்டி குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். வாசல் முழுக்க மண் அப்படியே கிடந்தது. அக்கா நேராகக் கொல்லைக்குப் போனார். துவைக்கிற கல்லில் கவிழ்த்த சொம்பு, அதன் மேல் விறைத்துப்போன ஒரு பாடி. ஞாயிற்றுக்கிழமை போட்டதை, அறை வெடித்த திங்களன்று விடியலில் துவைத்துக் காயப்போட்டுவிட்டு அவள் வேன் ஏறியிருக்கிறாள். ஐந்து நாளாக வீட்டில் எந்த ஆம்பளைக்கும் அதை எடுக்கத் துணிச்சல் வரவில்லை. அக்கா திருப்பிப் பார்த்தார். பின்னால் பித்தளைக் கொக்கி இரண்டும் இருந்தன. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

அப்படியானால் பொன்மணி போட்டுப்போன இன்னொன்று எங்கே என்று முத்துப்பாண்டியைக் கேட்டோம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்த துணியையெல்லாம் கவரில் போட்டு ஒட்டினார்கள், இவன்தான் கையெழுத்துப் போட்டான், கவர் விசாரணைக் காகிதங்களோடு போய்விட்டது. இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று நான் கத்தியேவிட்டேன்.

"பொம்பளத் துணிக்கா. அத்தன பேருக்கு முன்னாடி அதப் பிரிங்கன்னு எப்படிச் சொல்ல?" என்றான்.

பெண்டாட்டியைக் கொலைகாரி என்று ஊர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடிந்தது. கவரைப் பிரிக்கச் சொல்ல வெட்கம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அடித்திருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

விசாரணைக்குப் போகிறேன் என்று அக்கா சொன்னதும் அன்றைக்கு வீட்டில் அசன் பாய் குதித்தார். நாலு ஆம்பளை இருக்கும் சபையில் போய் அதைத் தூக்கிக் காட்டுவதா என்று கேட்டார். அக்கா அவருக்குச் சோறு போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"நான் காட்டப் போறது என் தையல. நீங்க வத்தலக் காட்டுறீகள்ல, அது மாதிரித்தான்."

விசாரணை கம்பெனி ஆபீஸ் அறையிலேயே நடந்தது. அதிகாரி ஒருவர், எழுதுகிறவர் ஒருவர், கம்பெனி ஆட்கள் மூவர், ஓரத்தில் ஊர்க்காவலன். அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார், பின்னால் நான். கொக்கி வைத்த பாடி வீட்டில் காய்ந்துகொண்டிருந்ததைச் சொன்னார். ஊர்க்காவலன் சிரித்தான். பொம்பளைக்கு இரண்டுதானா இருக்கும், கடையில் வாங்கினதும் இருக்கும் என்றான். அதிகாரி அதையே தலையாட்டி எழுதச் சொன்னார். மேஜையில் அந்தக் கவர் கிடந்தது. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. மேலே 'துணி' என்று ஒற்றைச் சொல். ஒரு வாரமாக அதைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுவந்த யாரும் பிரிக்கவில்லை.

"அதப் பிரிங்கய்யா" என்றார் அக்கா.

அதிகாரி நெளிந்தார். அதெல்லாம் இங்கே எதற்கு என்றார். அக்கா நகரவில்லை. கடைசியில் அவர் ஒட்டியதைக் கிழித்துக் கவரை இவர் பக்கம் தள்ளிவிட்டார், கை பட்டுவிடக் கூடாதாம். அக்கா உள்ளிருந்ததை எடுத்து மேஜையில் விரித்தார். முன்பக்கம் நடுவில் கத்தரி போன தடம். முதுகு கருகிக் கரியாக இருந்தது, ஆனாலும் ஒரே துண்டாக நின்றது, வார் பிரியவில்லை. இரட்டைத் துணி வைத்த இடங்கள் அப்படியே இருந்தன. ஒருவன் மின்விசிறியைப் பார்த்தான், ஒருவன் சுவரில் தொங்கிய கம்பெனிக் காலண்டரைப் பார்த்தான். வருஷம் முழுக்க வெறித்துக்கொண்டிருந்த ஊர்க்காவலன்கூட அன்றைக்குத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"திரும்பாதீக, பாருங்க" என்றார் அக்கா. "இதுல எங்கன கொக்கி இருக்குன்னு காட்டுங்க. அவளக் கொலகாரின்னு சொன்னீகள்ல, இப்பத் தொட்டுக் காட்டுங்க."

யாரும் தொடவில்லை. கொக்கி இல்லை என்று எழுதச் சொன்னார் அக்கா. எழுதுகிறவர் 'பொன்மணி அணிந்திருந்த மேற்படி பொருளில்' என்று ஆரம்பித்தார். பாடி என்று எழுதச் சொன்னார் அக்கா. அதிகாரி குறுக்கிட்டார்.

"அப்படி எழுதினா குழப்பமாயிரும்மா. இந்த பைல்ல பாடின்னா பொணம்."

"ரெண்டு பாடிய எழுதும்போது ஒங்களுக்குக் கூசலல்ல. இதையும் எழுதுங்க."

எழுதினார்கள். பாடியில் கொக்கி இல்லை. அக்கா எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். நான் ஒன்பது பேர் விஷயத்தைக் கேட்டேன். அது வேறு விசாரணை என்றார் அதிகாரி. விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில் 'அறியப்படவில்லை' என்று போட்டுக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வராமல் அக்கா நேரே முருகம்மாளிடம் போய்ச் சொன்னார். அந்தம்மாள் கேட்டுக்கொண்டாள். மறுநாள் நாங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அவளே வந்து நின்றாள். பொன்மணி அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முருகம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட அந்தக் கையைத் தொடவும் தெரியாமல் விடவும் தெரியாமல் தவித்தாள். அப்புறம் கமருன்னிசா அக்காவிடம் கேட்டாள்.

"எம்மவளும் ஒங்ககிட்ட தச்சதத்தான போட்டுருந்தா தாயி?"

ஆமாம் என்றார் அக்கா.

"அதுலயும் கொக்கி இல்லையா?"

"இல்லம்மா."

முருகம்மாள் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப எம்மவ எதுனாலதான் செத்தா?"

சுவரைப் பார்த்துக் கிடந்த பொன்மணிதான் தலையைத் திருப்பினாள்.

"ஒம்பது பேரு இருந்தோம் சித்தி. வாசலு ஒண்ணுதான்."