கிரிக் என்றால் கிராக்

ஒரே கதையைப் பலரிடம் கேட்டு, எதுவும் ஒன்றுபோல் இல்லை என்று மகிழ்வதே என் தொழில். ஒலிப்பதிவுக் கருவியோடு அந்நியர் வீட்டுச் சோபாவில் அசடு வழிந்த அன்பர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

மௌனத்தின் தூய்மை

ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோவில் வசித்த ஐரிஸ் அம்மையார், கரீபியத் தீவான கிரெனடாவில் பிறந்தவர். தந்திரக்காரச் சிலந்தியின் கதையை அவர் வாயால் பதிவுசெய்யப் போயிருந்தேன். வார இறுதியில் அவர் பிரிஸ்பேனுக்கு, மகள் வீட்டோடு குடிபோகிறார். தவறவிட்டால் கதையும் போய்விடும்.

"கிரிக்" என்றார். கேட்பவர் "கிராக்" என்று குரல் கொடுத்தால்தான் அவர் ஊரில் கதை தொடங்கும். எனக்குத் தெரியாததன்று, அவ்வழக்கம் பற்றி நீண்ட கட்டுரையே எழுதியிருக்கிறேன். ஆயினும் ஆய்வாளன் குரல் பதிவை மாசுபடுத்தலாகாது என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். மறுபடியும் "கிரிக்" என்றார். மிகுந்த மரியாதையோடு தலையசைத்தேன். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார்.

"கதவைத் தட்டிப் பார்த்தேன், உள்ளே ஆளில்லை. வியாழக்கிழமை வாயுள்ள யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள்."

வீராசாமிக்கு ஒரு கட்டம்

வாயுள்ளவராக எனக்கு வாய்த்தவர், ஆக்லாந்தின் விரி வட்டாரத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வீராசாமி, கயானாக்காரர். பெயரைக் கேட்ட பரவசத்தில் தமிழில் நலம் விசாரித்தேன். அவர் புன்னகைத்து ஆங்கிலத்தில் பதில் சொன்னார். முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தமிழர். வீட்டில் மாரியம்மன் பூசை உண்டு, தப்பும் அடிப்பார். மனைவி வழியில் சீன உறவு. தாய் சொல்லி வளர்த்ததோ, ஆப்பிரிக்கர் கொண்டுவந்த அதே சிலந்திக் கதை.

என் அட்டவணையில் ஆப்பிரிக்கர், இந்தியர், பிறர் என்று மூன்றே கட்டங்கள். எதில் அவரை எழுதுவதென்று பேனாவோடு திகைத்தேன். அவர் என் மடியிலிருந்த ஃபிஷ் அண்ட் சிப்ஸ் பொட்டலத்தைப் பார்த்தார்.

"ஊர் யாழ்ப்பாணம், சாப்பாடு இது, படிப்பது எங்கள் சிலந்தியை. உங்களுக்கு எந்தக் கட்டம், புரொஃபெசர்?"

வியாழக்கிழமை

இம்முறை பிழை நேரக்கூடாதென்று, வீராசாமியோடு என் மனைவியையும் அழைத்துச் சென்றேன். ஐரிஸ் மூச்சு வாங்கிய இடமெல்லாம் "கிராக்" என்று கத்தினேன். கொதிக்கும் பானைக்கு மேலே சிலந்தி தொங்கும் கட்டத்தில் அவர் சற்றே நிறுத்தினார். நான் கத்தினேன். அந்த உற்சாகத்தில் வீராசாமி தம் ஊர் முடிவை அவிழ்த்துவிட்டார்: சிலந்தி கூரையேறித் தப்பியது. ஐரிஸ் கண்ணீர் வரச் சிரித்தார். அதற்குள் சாமான் ஏற்றும் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. கிரெனடா முடிவு பதிவாகவேயில்லை. காரில் ஏறியதும் மனைவி சொன்னாள்:

"இஞ்சருங்கோ, அண்டைக்கு வாய் திறக்கேல்லை, இண்டைக்கு மூடேல்லை."

பிரிஸ்பேனுக்கு ஒரு தொலைபேசி

மறுவாரம் ஐரிஸை அழைத்து, அந்த முடிவை மட்டுமாவது சொல்லும்படி மன்றாடினேன். ஒரு முறைக்கு இரு முறை "கிராக்" என்றும் சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

"வீராசாமியின் முடிவுதான் எனக்கும் பிடித்திருக்கிறது. மகளுக்கும் அப்படியே சொல்லிவிட்டேன். அது ஆக்லாந்துக் கதை, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்."

கதை வேறுபாடுகளைத் தொடாமல் பதிவுசெய்யப் புறப்பட்டவன் ஒரு புதிய வேறுபாட்டுக்கே காரணமாகி நிற்கிறேன்; அட்டவணையில் என்னை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.