தகடு தாங்கும் மட்டும்

வெர்னா ஹாஸ்கெட் வாரநாட்களில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயக் கார் ஓட்டினாள். இண்டியானாவில் பிரையர் கிரீக் என்ற அந்த ஊரில் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை. பேருந்தில் போகும்போது ஒவ்வொரு ரயில்பாதையிலும் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் நகருவாள். சட்டம் அப்படி. பிள்ளைகள் கத்தினால், "ரயில் கத்துறது எனக்குக் கேக்கணும், நீங்க கத்துறது இல்ல" என்பாள்.

பச்சைக் காரை 1969இல் ஷோரூமிலிருந்து புதிதாக ஓட்டி வந்தார்கள். அந்தக் கம்பெனி விற்றதிலேயே பெரிய இஞ்சின் அதில் இருந்தது. முதல் வருஷம் மளிகைக்கும் அதுதான், சர்ச்சுக்கும் அதுதான். அவள் கணவன் ரோலி, டிராக்டர் கலப்பைகள் செய்யும் தொழிற்சாலையில் வெல்டர். ஒரு ஞாயிறு, மக்காச்சோள வயல்களுக்கு நடுவே இருந்த பந்தயத் தடத்துக்கு அதைக் கொண்டுபோனான். கால் மைல் நேர்கோடு, பக்கத்துக்கு ஒரு வண்டி, முதலில் போய்ச் சேர்பவனுக்கு வெற்றி. அவ்வளவுதான் விளையாட்டு. ரோலி தோற்றான். வீடு திரும்பியவன் சாப்பிட உட்காராமலே சைலன்சரைக் கழற்ற ஆரம்பித்தான்.

அது நான்கு வருஷம் நடந்தது. சைலன்சருக்குப் பிறகு கார்புரேட்டர் மாறியது. பின் அச்சின் பல்சக்கரங்கள் மாறின. பட்டன் இல்லாத வழவழப்பான அகல டயர்கள் வந்தன, அவை தரையைப் பிடித்த பிடியில் பழைய கிளட்ச் இரண்டே வாரத்தில் கருகியது. பின் இருக்கை போயிற்று, ஹீட்டர் போயிற்று, பக்கக் கண்ணாடிகள் போய் பிளாஸ்டிக் வந்தது. உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டினான். கடைசியில், கழற்ற வேண்டியதிலேயே கனமானது ரோலிதான் என்பது தெரிந்தது. அவன் நல்ல ஆகிருதியானவன். வெர்னா அவனில் பாதி.

"நீ ஒரு தடவ ஓட்டிப் பாரேன்" என்றான்.

"கியர் மாத்தத் தெரியாதவன்கூட பதினஞ்சு வருஷமா குடும்பம் நடத்துறேன், இது என்ன பெரிய விஷயம்" என்று ஏறி உட்கார்ந்தாள். அவனைவிட வேகமாகப் போய் இறங்கினாள். அதற்குப் பிறகு ரோலி கட்டுவது, வெர்னா ஓட்டுவது என்றாயிற்று.

அவர்கள் ஓடிய பிரிவுக்கு ஒரு விதிப் புத்தகம் இருந்தது. இஞ்சினை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் கம்பெனி கொடுத்த உடம்பும் அடித்தளமும் அப்படியே இருக்க வேண்டும். ரோலி அந்தப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தான். எது கூடாது என்று எழுதவில்லையோ அது கூடும் என்பது அவன் கட்சி. 1974 கோடையில் பின் அச்சிலிருந்து முன்னோக்கி இரண்டு தடித்த இரும்புக் கைகளை வைத்து, அடித்தளத்தின் நீளத் தகடுகளில் வெல்டிங் செய்தான். வண்டி கிளம்பும்போது முன் சக்கரங்கள் தரையை விட்டு ஒரு முழம் எழும்பின. கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. அவ்வளவு விசையும் வந்து இறங்கிய இடம், கம்பெனியில் மளிகைக்குப் போகிறவர்களுக்காக மடித்த மெல்லிய தகடு.

செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின வார இறுதிப் பந்தயத்தில் வெர்னா அரையிறுதியை வென்றாள். இறுதி ஓட்டம் டுவேன் மோசியரோடு. சிவப்புக் கார், எப்போதும் வாயில் பல்குச்சி. ரோலி அவனை ஒருமுறையும் வென்றதில்லை, வெர்னாவும் வென்றதில்லை.

வண்டியை நிறுத்தி இறங்கிய வெர்னா கதவைச் சாத்தினாள். அது மூடிக்கொள்ளவில்லை. கொக்கி கீழே இடித்தது. கதவைத் தூக்கிப் பிடித்துச் சாத்தினால்தான் பூட்டியது.

"ரோலி, காலையில இந்தக் கதவு ஒழுங்கா மூடிக்கிச்சு."

"கீல் தேஞ்சிருக்கும். அஞ்சு வருஷ வண்டி."

"கிளட்ச்ச விடும்போது அடியில ஒரு சத்தம் வந்துச்சு. டக்குனு. தகரத்த மடிச்ச மாதிரி."

"நாலாயிரம் சத்தம் வருது அந்த வண்டியில. உனக்கு எப்படி ஒரு டக்கு மட்டும் தனியா கேட்டுச்சு?"

"கேட்டுச்சு."

ரோலி ஜாக்கி போட்டு அடியில் படுத்துப் பார்த்தான். கார் துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பெனி அடித்திருந்த தார்ப் பூச்சு கெட்டியாகக் கருகருவென்று இருந்தது. தன் வெல்டிங்கைச் சுத்தியலால் தட்டினான். மணிபோல ஒலித்தது. வெளியே வந்து கையைத் துடைத்தான்.

"என் வெல்டிங் அசையல. வேணும்னா மெர்ல கூப்பிடு."

மெர்ல் ஓக்ஸ் தடத்தின் பரிசோதகர், நிதானமான மனுஷர். அவரும் விளக்கை எடுத்துக்கொண்டு அடியில் போனார், வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா வெர்னா. விதிப்படி எல்லாம் சரியா இருக்கு. நிறுத்துறதுக்கு என்கிட்ட காரணம் இல்ல."

"எனக்கு இருக்கு. நான் ஓட்டல" என்றாள் வெர்னா.

பக்கத்துக் கொட்டகையிலிருந்து மோசியர் கேட்டுக்கொண்டிருந்தான். "என்ன பஸ்ஸம்மா, ஸ்டாப் வந்துருச்சா? இறங்கிட்டீங்க?" அவன் ஆட்கள் சிரித்தார்கள்.

ரோலியின் கழுத்து சிவந்தது. தலைக்கவசத்தை எடுத்தான். உள்ளூர்ப் பந்தயம், ஓட்டுபவரை மாற்றிக்கொள்ள மெர்ல் தடை சொல்லவில்லை. ரோலி பெல்ட்டுகளைத் தளர்த்தி, உடம்பை நெருக்கி உள்ளே உட்கார்ந்து, கதவைத் தூக்கிச் சாத்திக்கொண்டான்.

"ரோலி, வேண்டாம்."

"நாலு பேரு பாக்கறாங்க, வெர்னா."

"அதனாலதான் மெதுவா சொல்றேன். இறங்கு."

அவன் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகம் அவளுக்குத் தெரியும். வீட்டில் சண்டை முடிந்த பிறகு வரும் முகம் அது, அதற்கு மேல் பேச்சு ஏறாது. வண்டியை வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். முன்னால் இன்னும் ஒரு ஜோடி வண்டிகள் மட்டும் இருந்தன. அவை கிளம்பிய அதிர்வில் தரை நடுங்கியது, ரப்பர்ப் புகை வந்து கண்ணை எரித்தது.

வெர்னா பச்சை வண்டியின் பின்சக்கரத்தருகே நின்றாள். ஒருவேளை கீல்தானோ. ஒருவேளை அந்தச் சத்தம் வேறெதாவதோ. இரண்டு பேர் அடியில் போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். தன் காதை மட்டும் நம்பி ஊர் முன்னால் கணவனை அவமானப்படுத்துவதா? நூற்றுப் பதினைந்து மைல் வேகத்தில் பின் அச்சு ஒரு பக்கம் கழன்றால் அந்த வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று யோசித்தாள். இடது பக்கம் சிமென்ட் சுவர். வலது பக்கம் மோசியர்.

கடைசியாக ஒருமுறை சரிபார்ப்பவளைப்போல முன்னால் போய், பூட்டு ஊசிகளை இழுத்து பானெட்டைத் தூக்கினாள். பெல்ட்டில் கட்டுண்டிருந்த ரோலிக்குத் தூக்கிய பானெட்டின் பச்சை மட்டும்தான் தெரிந்தது. இஞ்சினுக்குத் தீப்பொறி கொண்டுபோகும் காயில் வயரை இரு முனையிலும் பிடுங்கினாள். கை கன்றிப்போகும் சூடு. சட்டைக்குள் போட்டுக்கொண்டு பானெட்டைச் சாத்தினாள்.

மெர்ல் கையசைத்தார். மோசியரின் இஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. ரோலி ஸ்டார்ட்டரை அழுத்தினான். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினான். மறுபடி. பேட்டரி இளைத்து முனகும் வரை அழுத்தினான். பிறகு கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான்.

அவள் பார்வையை விலக்கவில்லை.

மோசியர் தனியாக ஓடினான், தனியாக வென்றான். பச்சை வண்டியைக் கூட்டத்தின் முன்னால் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். யாரோ பஸ் ஹாரன் மாதிரி வாயால் ஊதினார்கள். வீட்டு வாசலில் இறங்கியதும் ரோலி கையை நீட்டினான். அவள் வயரை எடுத்துக் கொடுத்தாள்.

"என்கிட்ட நீ சொல்லியிருக்கணும்."

"சொன்னேன் ரோலி. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுதான் இதச் செஞ்சேன்."

அந்த வாரம் முழுக்க அவன் கொட்டகைப் பக்கம் போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பைக்கூடத் தானே எழுந்து எடுத்துக்கொண்டான். தொழிற்சாலையில் அவனை என்ன சொல்லிக் கிண்டல் செய்திருப்பார்கள் என்று அவளால் ஊகிக்க முடிந்தது. மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று இரண்டு முறை வாயெடுத்தாள். எதற்காகக் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை காலை துணி துவைத்துக்கொண்டிருந்தபோது கொட்டகையிலிருந்து சுரண்டும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. பிறகு நின்றது.

"வெர்னா. கொஞ்சம் வா."

ஈரக்கையோடு போனாள். வண்டி நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல் உயரமாக நின்றது. ஊதுவிளக்கால் தாரைச் சூடாக்கி, அடியிலிருந்த பூச்சை எல்லாம் சுரண்டி எடுத்திருந்தான். முகமெல்லாம் கரி. இடது பக்க நீளத் தகட்டில் விளக்கைப் பிடித்தான். அவன் வெல்டிங் தடித்து, அழகாக, மீன்செதிள்போல அடுக்கடுக்காக இருந்தது. அதில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் அதன் ஓரத்திலிருந்து, வெல்டிங்கின் சூடு பட்டு வெளுத்திருந்த கம்பெனித் தகட்டில், தலைமுடி மாதிரி ஒரு கோடு கிளம்பி மேலே ஏறி, வளைந்து மறைந்தது.

ரோலி அச்சுக்கு அடியில் ஜாக்கியை வைத்து மெல்ல ஏற்றினான். கோடு வாய் திறந்தது. உள்ளே புது இரும்பின் வெள்ளை பளபளத்தது.

தகடு இங்கே விட்டுக்கொடுத்ததால்தான் வண்டி தொய்ந்து கதவு இடித்திருந்தது.

"இன்னும் பத்து ஓட்டம் தாங்கியிருக்கும்" என்றான் ரோலி. குரலில் வீம்பு பாதிதான் இருந்தது.

"தாங்கியிருக்கலாம்."

"நான் தட்டிப் பாத்தேனே. நல்லாத்தானே இருந்துச்சு."

"நீ உன் வெல்டிங்கத் தட்டின. அது நல்லாத்தான் இருக்கு."

ரோலி ஜாக்கியை இறக்கினான். கோடு மூடிக்கொண்டது. கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்து கைகளை முழங்காலுக்கு இடையே தொங்கப் போட்டான்.

"மோசியர் பக்கமா திரும்பியிருந்தா?" என்றான்.

வெர்னா ஈரக்கையை உடுப்பில் துடைத்துவிட்டு அவன் எதிரே குந்தினாள்.

அன்று மதியம் வரை பேசினார்கள், கத்தினார்கள், மறுபடி பேசினார்கள். ரோலி அடித்தளத்தையே முழுக்க வெட்டி எறிந்துவிட்டுக் குழாயில் புதுச் சட்டம் கட்டலாம் என்றான். அப்புறம் எவ்வளவு விசை வேண்டுமானாலும் போடலாம், மேல்பிரிவில் ஓடலாம்.

"அப்ப நம்ம வண்டியில மிச்சம் என்ன? மேல இருக்கற பச்சைத் தோலா? அதுக்கு வேற வண்டி கட்டு, வேற ஆளத் தேடு. நான் இதத்தான் ஓட்டுவேன். இது தாங்கற மட்டும் ஓட்டுவேன்."

"தாங்கற மட்டும்னா எது மட்டும்? யாரு சொல்றது?"

"உள்ள உக்காந்திருக்கறவங்க சொல்றது."

ரோலி சாக்பீஸை எடுத்துத் தரையில் வரைய ஆரம்பித்தான். விரிசல் மேலும் ஓடாதபடி அதன் முனையில் துளையிட்டு, வெல்டிங்கால் மூடி, மேலே பட்டை வைத்தான். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைத்து அடியில் இரண்டு சதுர இரும்புக் குழாய்கள் ஓடவிட்டான். கூண்டின் கால்களை அவற்றில் ஊன்றினான். அந்தத் தடித்த கைகளைக் கழற்றிவிட்டான். அவை போன பிறகு முன் சக்கரங்கள் எழும்பவில்லை, கூட்டமும் எழுந்து நிற்கவில்லை. நேரம் கொஞ்சம் கூடியது. அந்தக் குளிர்காலத்தில் அவன் அடிக்கடி பெருமூச்சு விட்டான்.

அடுத்த வருஷம் மே மாதம் மோசியர் அவளைத் தோற்கடித்தான். ஜூனிலும் தோற்கடித்தான். ஆகஸ்டில் மீண்டும் இறுதி ஓட்டம். கிளம்பச் சைகை தரும் விளக்குக் கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக எரிந்தன. வண்டி நகர்வதற்குள் பச்சை வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, வெர்னா கடைசி மஞ்சளிலேயே கிளட்ச்சை விட்டாள். மோசியர் இமைப்பொழுது தாமதித்தான். பாதித் தூரத்தில் சிவப்பு மூக்கு அவள் ஜன்னல் ஓரம் வந்தது. கியர் மாற்றினாள். அது இன்னும் ஏறியது, அவள் முன் சக்கரத்துக்கு நேராக வந்தது. மிதியை இன்னும் அழுத்த இடமில்லை. கோட்டைக் கடந்தபோது யார் முன்னால் என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு வென்றவருக்கான விளக்கு அவள் பக்கம் எரிந்தது.

மோசியர் வந்து கைகொடுத்தான். "என் வண்டிதான் வேகம், தெரியும்ல?"

"தெரியும். தூங்கிட்டுக் கிளம்பின" என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் சாப்பாட்டுக்கடையில் நிறுத்தினார்கள். தட்டைவிடப் பெரிய பன்றியிறைச்சிப் பொரியலை ரொட்டிக்கு நடுவே வைத்துக் கொடுத்தார்கள். ரோலி அதைத் தொடவில்லை.

"சொல்லு" என்றான்.

"என்னத்த?"

"கிளம்பினதிலிருந்து. அடியில எப்படி இருந்துச்சு, ஸ்டியரிங் எந்தப் பக்கம் இழுத்துச்சு, மூணாவது கியர்ல என்ன கேட்டுச்சு. எல்லாத்தையும் சொல்லு."

அவள் சொன்னாள். பதினொன்றரை விநாடிக்குள் நடந்ததைச் சொல்லி முடிக்க, காபி ஆறும் நேரம் ஆயிற்று. ரோலி குறுக்கே பேசவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும், "அத இன்னொரு தடவ சொல்லு" என்றான்.