சூளைக் கழுதையின் கல்யாணம்

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம் செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குள் லாரி கிளீனராக இருந்தேன், ஓட்டலில் மாவாட்டினேன், சர்க்கஸ்காரர்களுக்குக் கூடாரக் குழி தோண்டினேன். சங்கராபரணி ஆற்றங்கரையில் செங்கல் சூளைக்கு ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். சேறு மிதிக்கும் வேலை. குதிகாலில் வெடிப்பு விழும், வெடிப்பில் மண் ஏறும், கொஞ்ச நாளில் எரிச்சல் பழகிவிடும். சாப்பாடு கேழ்வரகுக் கூழ், படுக்கை உமி மூட்டை.

முதலாளிக்கு பஜாரில் எண்ணெய்க் கடை. அந்த வருஷம்தான் சூளைத் தொழிலில் இறங்கியிருந்தார். அறுத்த பச்சைக் கல், அதாவது இன்னும் சுடாத செங்கல், கரை முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் வெயில் நின்றால் அடுக்கி நெருப்பு வைத்துவிடலாம். அதற்குள் மழை வந்தால் அத்தனையும் மறுபடி சேறு. மேகம் கண்ணில் பட்டால் முதலாளி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

அக்கரை விவசாயிகள் அதே மேகத்தைக் கும்பிட்டார்கள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை விதைக்க நிலத்தில் ஈரம் இல்லை. கழுதைக்குக் கல்யாணம் செய்தால் மழை வரும் என்பது ஊர் நம்பிக்கை. மாப்பிள்ளை தயார், துணி வெளுப்பவரின் கழுதை. பெண்தான் இல்லை. எங்கள் சூளையில் மண் சுமந்தது பெண் கழுதை. ஊர்ப் பெரியவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்க வந்தார்.

"என் கழுதைய வச்சி எனக்கே மழைய வரவழைக்கிறீங்களா? வேற எடம் பாருங்க," என்றார் முதலாளி.

"பாத்துட்டோம் முதலாளி. மேல்சித்தாமூர் ரோட்டு சூளைக்காரரு குடுக்கறேன்னிட்டாரு. பக்கத்துல இருக்கீங்களேன்னு ஒரு வார்த்த கேட்டோம். அந்தப் பொண்ணு நல்ல லட்சணமாமே."

முதலாளி எழுந்துவிட்டார். "அதுவா? அதுக்கு ஒரு காதே கெடையாது. ஊர்க் காரியத்துக்கு மூளிக் கழுதையவா நிறுத்துவீங்க?"

"கெடைக்கறதத்தானே நிறுத்தணும்."

முதலாளி அந்த இடத்திலேயே பெண் கொடுக்க வாக்குக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு, மழை வந்தால் கல் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"கழுதைக்குத் தாலி கட்டினா மழ வந்துடுமாடா? படிச்சவன்தானே நீ," என்றார். எட்டாவதுக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

கல்யாணத்தன்று கழுதையை ஆற்று மணல் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். முதலாளி தன் மனைவியின் பழைய பட்டுப் புடவையைக் கொண்டுவந்தார். அக்கரைக் கோயிலடியில் எல்லாருக்கும் சந்தனம் கொடுத்தவர்கள் அவரை மறந்துவிட்டார்கள். பெண்ணைத் திருப்பி ஓட்டும்படி என்னிடம் சொன்னார் முதலாளி.

"பொண்ணு வூட்டுக்காரனுக்கு இதான் மரியாதையா?"

சந்தனக் கிண்ணம் ஓடிவந்தது. அதற்குள் மாப்பிள்ளை மாலையைத் தின்றுவிட்டது.

"வளப்பு அப்படி," என்றார் முதலாளி.

"உங்க பொண்ணு மட்டும் இன்னாவாம், முந்தானைய மென்னுக்கிட்டுதானே நிக்குது," என்றார் மாப்பிள்ளைக்குத் தகப்பனாக நின்ற பெரியவர்.

தாலி ஏறியது. முறைப்படி பெண் அக்கரையிலேயே தங்கியது. நாங்கள் சூளைக்குத் திரும்புவதற்குள் தூறல். பிறகு கொட்டித் தீர்த்தது. ஓலைத் தடுக்குகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு பக்கம் மூடினால் மறு பக்கம் கரைந்தது.

விடிந்தபோது கரையில் ஒரு கல்கூட இல்லை. கூலி ஆட்களும் இல்லை. ஈரம் கண்டதும் எல்லாரும் விதைப்புக்குப் போய்விட்டார்கள். முதலாளி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கி என் பக்கத்தில் மிதிக்க ஆரம்பித்தார். மிதிக்கத் தெரியவில்லை, வழுக்கி வழுக்கி என்னைப் பிடித்துக்கொண்டார்.

அக்கரையில் ஏர் ஓட்டிக்கொண்டு கரையோரம் வந்த பெரியவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "இன்னா சம்பந்தி, நீங்களே எறங்கிட்டீங்க?"

"கழுதைய அனுப்புய்யா. மண்ணு சுமக்க ஆளில்ல."

"தாலி கட்டின மறுநாளே பொண்ண வேலைக்கு அனுப்பினா நாலு பேர் இன்னா பேசுவாங்க? ஆடி பொறக்கட்டும். மொறையா வந்து அழைச்சிக்கினு போங்க."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். முதலாளி காலை மாற்றி வைத்து மிதித்தார். "அதுவும் சரிதான்," என்றார்.

ஆடி பிறக்கும்வரை மண்ணை நான் சுமந்தேன். பிறந்த அன்று முதலாளி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அக்கரைக்குப் புறப்பட்டார், சீர்வரிசையாக ஒரு கட்டுப் புல்லை என் தலையில் ஏற்றி. பெரியவர் வீட்டு வாசலில் நின்று, "பொண்ண அழைக்க வந்திருக்கோம்," என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.