அன்செல்மோவின் சரிவு

ஆல்ட்டா வெராபாஸ் மலையில் ஏலம் பயிரிடும் அன்செல்மோ தியூலைக் கட்டிப்போட்டது விரல் நீளமே உள்ள, பல்லி போலிருக்கும் ஒரு சாலமாண்டர். அதற்கு நுரையீரல்கூடக் கிடையாது; ஈரத்தோலால் மூச்சு விடும். மூச்சு முட்டியதென்னவோ இவனுக்குத்தான்.

எட்டு வருஷத்துக்கு முன் டாக்டர் இலியானா தலைநகரிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தபோது, அன்செல்மோ ஒன்றைப் பிடித்துக் கொடுத்தான். பிடித்தது பெண்டாட்டியின் அண்ணன் எப்ராயினின் சரிவில், மரத்தில் ஒட்டி வளரும் செடியின் தண்ணீர் தேங்கிய இலையிடுக்கில். மச்சானோடு அப்போது பேச்சுவார்த்தை இல்லை. கேட்காமல் புகுந்ததைச் சொல்ல வெட்கம்.

"எங்க பிடிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"என் சரிவுலதான்."

எழுதிக்கொண்டார். பத்து மலைகளில் கிடைக்கும் சாதாரண வகைதான் என்றார். யாருக்கும் நஷ்டமில்லாத பொய்.

போன வருஷம் அதன் பல்லை எண்ணி, கால்விரல் சவ்வை அளந்து, மரபணுவையும் பார்த்துவிட்டு, இது தனி இனம் என்று பிரித்துவிட்டார்கள். உலகத்திலேயே இது இருப்பது அன்செல்மோவின் சரிவில் மட்டும்தானாம். அங்கே ஒரு மரம்கூட வெட்டக் கூடாது. மூன்று முறை தேடியும் கிடைக்காவிட்டால் தடை நீங்கும் என்று அரசாங்கக் காகிதம் வந்தது.

அவனுடைய பழைய ஏலத்தோட்டம் நோயில் போய்விட்டது. மேல்சரிவுக் காட்டைத் திருத்தி நட்டால்தான் சாப்பாடு. உண்மையைச் சொன்னாலோ தடை எப்ராயினின் காய்க்கிற தோட்டத்துக்குப் போகும்.

"வாயத் தொறந்தீங்கன்னா எங்கண்ணன் புள்ளைங்க பட்டினி. தொறக்கலன்னா நம்ம புள்ளைங்க," என்றாள் பெண்டாட்டி பெத்ரோனா. "நல்லா பிடிச்சீங்க போங்க!"

டாக்டர் வந்து இரண்டு முறை தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. இல்லாதது எப்படி அகப்படும்? மூன்றாம் தேடலன்று காலையில் அன்செல்மோ சாம்பிராணி போலக் கோப்பால் பிசினைப் புகைய விட்டு மலைச்சாமியைக் கும்பிட்டான்.

"அன்னிக்கி உங்கிட்ட கேக்காம எடுத்தது தப்புதான். என்னை விட்ரு சாமி. உள்ளதை உள்ளபடி காட்டிடு."

பத்து மணிக்குத் தன் சரிவில் ஓர் இலையிடுக்கை விரித்தான். பழுப்பாக, சவ்வுக் கால்களைப் பரப்பிக்கொண்டு, அது உட்கார்ந்திருந்தது.

பெத்ரோனா அவன் கையைப் பிடித்தாள். "மூடுங்க. யாரும் பாக்கல."

கீழே நின்ற டாக்டர் தலை தூக்கினார். "என்ன அன்செல்மோ, ஏதாச்சும் இருக்கா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். ஆனால் காலையில்தான் மலையிடம் கேட்டிருந்தான், மலை காட்டிவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன் சரளமாகச் சொன்ன பொய் இன்று நிஜமாகிவிட்டது.

"இருக்கு டாக்டர். என் சரிவுலதான்."

"அதான் மொதல்லயே சொன்னீங்களே!" டாக்டர் சிரித்துக்கொண்டே ஏறி வந்தார். பெத்ரோனா அவன் கையை விட்டுவிட்டு, இனி வெட்டவே முடியாத மரங்களைப் பார்த்தபடி நின்றாள்.