மேலிருந்து கீழே வராத படிவம்

முனிராஜ் சார் காலமான செய்தி எங்கள் பல்கலைக்கழகப் பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்கு முன்னால் விளையாட்டு விழாவுக்கு எல்லோரும் வெள்ளைச் சட்டையில் வர வேண்டும் என்ற அறிவிப்பு. பின்னால் யாரோ தொலைத்த சாவிக்கொத்தின் படம். பத்து நிமிடத்துக்குள் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் மட்டும் தவறுதலாகக் கட்டைவிரலை உயர்த்திவிட்டார். மாலையில் அதிகாரபூர்வ இரங்கல் குறிப்பு வந்தது. அதன் மேல்மூலையில் ‘ஒப்புதலுக்கான வரைவு’ என்ற வரியை நீக்க மறந்திருந்தார்கள். சார் பார்த்திருந்தால், “ஒப்புதல் வரட்டும், அப்புறம் வருத்தப்படலாம்” என்றிருப்பார்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாகலூர்ப் பக்கத்துக்காரர். உதவிப் பதிவாளராக இருந்தார். வீட்டில் தெலுங்கு, அலுவலகத்தில் கன்னடம், பேருந்தில் தமிழ். கோபம் வந்தால் எந்த மொழியிலும் பேசமாட்டார். கோப்பில் ஆங்கிலத்தில் குறிப்பெழுதுவார். எதையும் அவர் மறுத்து நான் பார்த்ததில்லை. “மறுத்தா பகை வரும் மேடம். விளக்கம் கேட்டா பதில்தான் வரணும்” என்பார். ஒருமுறை எங்கள் டீன் ஒருவர் பேராசிரியர்களுக்கென்று தனி லிஃப்ட் கேட்டார். மாணவர் யாராவது மயங்கி விழுந்தால் அதில் ஏற்றலாமா, ஏற்றினால் துணைக்கு வருபவர் மாணவராக இருக்கலாமா என்று இரண்டே கேள்விகள் எழுதி சார் கோப்பைத் திருப்பி அனுப்பினார். டீன் இன்றும் படியேறுகிறார். உடம்புக்கு நல்லது என்று எங்களிடம் சொல்லிக்கொள்கிறார்.

எங்கள் வகுப்பறைகள் அத்திப்பள்ளியைத் தாண்டிக் கர்நாடகத்தில் இருக்கின்றன. பெண்கள் விடுதி ஓசூர்ப் பக்கம், ஜூஜுவாடியில், வாடகைக் கட்டடத்தில். தினமும் காலையில் மாணவிகள் மாநிலம் விட்டு மாநிலம் வந்து படித்துவிட்டு, மாலையில் சாப்பிடவும் தூங்கவும் தமிழ்நாட்டுக்குத் திரும்புவார்கள். கர்நாடகத்தில் மதச் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை இதில் யாருக்கும் சிக்கல் இருந்ததில்லை. மதம் மாற நினைப்பவர்கள் முன்கூட்டியே மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது சட்டம். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் தொலைக்காட்சியில் மோதிக்கொண்டிருந்தபோது, எங்கள் நிர்வாகம் நிறுவனப் பொறுப்பாளர்களுக்கும் தண்டனை உண்டு என்ற பகுதியை மட்டும் படித்தது. உடனே ஒரு குழு அமைத்தது.

புள்ளியியல் துறையிலிருந்து என்னைப் போட்டார்கள். கூட்டங்களில் நான் வாய் திறப்பதில்லை என்பதுதான் தகுதி என்று நினைக்கிறேன். முதல் கூட்டத்தில் விடுதிக்குச் சட்டம் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. பொருந்தாது என்றார் சட்ட ஆலோசகர். அப்படியானால் பேருந்துக்குப் பொருந்துமா என்றார் பதிவாளர். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் இன்னொருத்தியிடம் பைபிளைப் பற்றிப் பேச ஆரம்பித்து, அந்தப் பக்கம் போய் முடித்தால் குற்றம் எங்கே நடந்ததாகும் என்று அரைமணி நேரம் பேசினார்கள். கூட்டக் குறிப்பில் முனிராஜ் சார் ஒரே வரி எழுதினார்: ‘பேருந்து குறித்து விவாதிக்கப்பட்டது.’

சட்டம் யாரிடமும் கேட்காத ஓர் உறுதிமொழிப் படிவத்தை எல்லோரிடமும் வாங்குவது என்று கடைசியில் முடிவானது. நான் யாரையும் மதம் மாற்றவில்லை, என்னை யாரும் மாற்றவில்லை என்று துணைவேந்தர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எழுதித் தர வேண்டும். அவை மொத்தமாக மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். நல்ல பேர் கிடைக்கும். கேள்விகளை வடிவமைக்கும் வேலை எனக்கு வந்தது. செய்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஐந்தாவது கேள்வி, வேறு மதத்தவரை மணக்கும் எண்ணம் உண்டா என்பது. அது பதிவாளர் கேட்டுச் சேர்த்தது. ஏழாவது, நீங்களோ குடும்பத்தாரோ கடந்த ஓராண்டில் வேறு மத வழிபாட்டில் கலந்துகொண்டதுண்டா, விவரம் தருக என்பது. அது என் சொந்தச் சரக்கு. தகவல் முழுமையாக இருக்க வேண்டும் என்ற தொழில்புத்தி.

படிவத்தோடு சாரின் அறைக்குப் போனபோது விடுதிச் சமையற்கூட மேற்பார்வையாளர் ஜெயந்தி அங்கே நின்றிருந்தார். நாட்றாம்பாளையத்துக்காரர், கணவரை இழந்தவர், நாற்பது வயதிருக்கும். எங்கள் பேருந்தை ஓட்டும் அந்தோணியும் அவரும் கல்யாணம் செய்துகொள்ள இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். ஓசூர் பதிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்து, நோட்டீஸ் ஒட்டி, முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் இந்தப் படிவம்.

“நானும் மாறல, அவரும் மாறல சார். ஞாயித்துக்கிழமையானா அவரு சர்ச்சுக்குப் போறதில்ல, நான் கோயிலுக்குப் போறதில்ல. ரெண்டு பேரும் தூங்கற ஆளுங்க. ஆனா அஞ்சாவது கேள்விக்குப் பொய் எழுத எனக்கு வராதுங்க.”

“பொய் எழுத யாரு சொன்னாங்க?”

“நெசத்த எழுதினா ரெண்டு பேரையும் வேலைய விட்டு நிறுத்திருவோம்னு எச்ஆர்ல சொல்லிட்டாங்க. எங்கண்ணன் காதுக்குப் போச்சுன்னா வெட்டவே வந்துருவாரு.”

சார் படிவத்தை நிதானமாக ஒருமுறை படித்தார். “உன் முறை வர்றப்போ எழுதும்மா.”

“எப்போ வரும் சார்?”

“மேல இருக்கறவங்க எல்லாம் எழுதி முடிக்கட்டும். பெரியவங்களுக்கு முந்தி நாம எழுதினா மரியாதையா இருக்காது.”

ஜெயந்தி போன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. ஐந்தை எடுக்க எனக்கு அதிகாரமில்லை, என்னுடைய ஏழாவது கேள்வியையாவது எடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஏழு இருக்கட்டும் மேடம். ரொம்ப நல்ல கேள்வி.”

மறுநாள் கோப்பில் அவர் குறிப்பு இருந்தது. மற்றவர்களுக்கு முன்மாதிரியாக அமையும் வகையில் உறுதிமொழிகளை மேலிருந்து கீழாகப் பதவி வரிசையில் பெறலாம். முதல் கையெழுத்து வேந்தருடையதாக இருப்பது சிறப்பு. பதிவாளருக்கு ‘முன்மாதிரி’ என்ற சொல் மிகவும் பிடித்துப்போனது. அன்றே ஒப்புதல் தந்து, படிவத்தை வேந்தர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

எங்களுடையது தனியார் பல்கலைக்கழகம், வேந்தர்தான் முதலாளி. பக்திமான். நெற்றியில் விபூதி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் மனைவியோ ஒவ்வொரு வருடமும் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர். பின்னாலேயே தண்ணீரோடு பல்கலைக்கழக வேன் போகும். அந்த யாத்திரையின் படம் எங்கள் வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. ஏழாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினால் படம் சிரிக்கும். ‘ஆம்’ என்று எழுதினால் அது மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். வேந்தர் எதையும் எழுதவில்லை. படிவம் திரும்பவில்லை. வேந்தருக்கு நினைவூட்டல் அனுப்பும் துணிவு பதிவாளருக்கு இல்லை. திங்கட்கிழமை தோறும் எச்ஆர் அதிகாரி வந்து கேட்பார். சார் எழுந்து நின்று, கோப்பைத் திறந்து, ‘வேந்தரின் பரிசீலனையில்’ என்ற வரியைக் காட்டுவார்.

முப்பது நாள் கழிந்தது. நாட்றாம்பாளையத்திலிருந்து யாரும் வரவில்லை. ஜெயந்தியும் அந்தோணியும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக நிர்வாகப் பிரிவுக்கு மைசூர்பாகோடு வந்தார்கள். எச்ஆர் அதிகாரி இரண்டு எடுத்துக்கொண்டார். அப்புறம் கர்நாடகத்தில் ஆட்சி மாறியது, சட்டத்தைத் திரும்பப் பெறப்போவதாகச் செய்தி வந்தது. படிவத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வேந்தர் வீட்டில் அது இன்னும் பரிசீலனையில் இருக்கக்கூடும்.

ஆனால் மேலிடத்தில் யாருக்கும் சார் செய்தது புரியாமல் போய்விடவில்லை. எங்கள் உதவிப் பதிவாளர்களுக்கு ஓய்வுக்குப் பின் இரண்டு வருடம் பணிநீட்டிப்புத் தருவது வழக்கம். அவருக்குத் தரவில்லை. சேவை இனித் தேவைப்படாது என்ற கடிதம் வந்தது. அதை அவரே தபால் வரவுப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, உரிய கோப்பில் சேர்த்துவிட்டு, அந்தோணி ஓட்டிய ஐந்து மணிப் பேருந்தில் வீட்டுக்குப் போனார்.

கடைசியாக அவரைப் பார்த்தது போன அவரைக்காய் சீசனில், ஓசூர் உழவர் சந்தையில். ஒவ்வொரு காயாக நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரம்மா பொறுமையிழந்து தெலுங்கில் ஏதோ சொன்னார். நான் பணிநீட்டிப்புப் பற்றி வருத்தம் தெரிவித்தேன். அதைக் கையால் தள்ளிவிட்டு, பல நாளாகக் கேட்க நினைத்ததைப்போலக் கேட்டார்.

“அன்னிக்குக் கமிட்டில நீங்க ஏன் மேடம் ஒண்ணுமே பேசல?”

நானும் ஓர் அவரைக்காயை எடுத்து நசுக்கிப் பார்த்தேன்.

“பயம்னு எழுதிக்கலாமா?”

“எழுதிக்கலாம் சார்.”

“எனக்கும் அதான். ராத்திரி தூக்கமே இல்ல. வீட்ல கேட்டா வயித்துவலின்னேன்.” பையில் காயை அள்ளிப் போட்டார். “பேசினா குரல் நடுங்கும். அதான் எழுதிட்டேன். எழுத்து நடுங்கினா தெரியாது, டைப்பிங்தான.”

அவரைத் துணிச்சல்காரர் என்று இரங்கல் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். அது தவறு, ஒப்புதலுக்கு முன் திருத்த வேண்டும். அவருடைய துணிச்சலை நான் எடுத்துக்கொள்ள முடியாது. என்னிடம் அதற்கு இடமில்லை. அவருடைய பயத்தை வைத்துக்கொள்கிறேன். அது ஒரு வேலையை முடித்தது. என்னுடையது இதுவரை எந்த வேலையும் செய்ததில்லை.